மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

கார் வாங்கிய முதல் வாரம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான், ஓட்டப்போகிறவளும் நான்தான், பயந்து செத்தவளும் நான்தான். என் வீட்டுக்காரருக்கு பைக் தவிர வேறு வண்டி வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் இரண்டு கையும் கட்டை மாதிரி விறைத்துவிடும். அதனால் வார லீவு நாட்களில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் நான் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வந்த அன்று அவர் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கோ, இனித் தப்பிக்க வழியில்லையே என்று இருந்தது.

எல்லாம் எங்கள் பெண்ணுக்காக. ஒன்பது வயது, வீசிங். பென்னலூரில் எங்கள் வீடு இருக்கிற இடத்தில் ஒரு லாரி கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பைக்கில் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்காரவைத்து, மேலே ரெயின்கோட்டைப் போர்த்தி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டபோது, என் நெஞ்சில் சாய்ந்திருந்த அவள் முதுகு ஏறி இறங்குவது நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. மழைச் சத்தத்திலும் ரெயின்கோட்டின் சரசரப்பிலும் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நொடிகள் என்னை விட்டுப் போகவே இல்லை. கதவு மூடுகிற வண்டி ஒன்று நமக்கு வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

வாங்கியது ஒன்பது வருடம் ஓடிய சின்னக் கார். பெண்ணுக்கும் அதற்கும் ஒரே வயது. விற்றவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிற ஆபீசர். சாவியைக் கொடுக்கும்போது, "நல்ல வண்டிம்மா, ஒரு தொந்தரவும் கிடையாது" என்றார். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் மூன்று தொந்தரவு தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ஹாரன் அடிக்காது. பின்பக்க இடது கதவு உள்ளிருந்து திறக்காது. ஏ.சி. போட்டால் காயாத துணி வாடை. மூன்றாவதுதான் என்னைக் கலங்கடித்தது. மூச்சுக்காக வாங்கிய வண்டியே மூச்சை அடைத்தால் என்ன செய்வது?

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரகடம் பக்கம் காருக்குப் பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பத்து வருடமாக அசெம்ப்ளி லைனில் நிற்கிறேன். சக்கரத்துக்குப் பின்னால் வருகிற ஒரு பாகம் எங்கள் லைனில் ஓடும். எனக்கு முந்தைய ஸ்டேஷனில் அதன் நட்டுகளை ரெஞ்சால் முறுக்குவார்கள். வேண்டிய இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். அடுத்து அது என் முன்னால் வரும். ஒவ்வொரு நட்டின் தலையிலும் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் நான் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு இருந்தால் முறுக்கியாச்சு, பார்த்தாச்சு என்று அர்த்தம். அதற்குப் பிறகு சூப்பர்வைசரைக் கேட்காமல் அந்த நட்டில் யாரும் ஸ்பானர் வைக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் வேறு கம்பெனி, ஆனால் அங்கேயும் இதே சட்டம்தான். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் இது ரத்தத்தில் ஊறியது.

பழக்க தோஷம், காருக்கும் கம்பெனி மாதிரியே ஒரு செக் ஷீட் எழுதினேன். சரியாக இருந்தால் ஓ.கே., சரியில்லை என்றால் என்.ஜி. லைனில் அப்படித்தான் சொல்வோம். சாம்பார் உப்புக் கரித்தால் என் பெண்கூட "மா, சாம்பார் என்.ஜி." என்பாள். ஒரு பக்கம் முழுக்க என்.ஜி.யாக நிரம்பிய தாளை எடுத்துக்கொண்டு மண்ணூரில் இருக்கிற மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், வாய்த்துடுக்கு அதிகம், கை சுத்தம்.

தாளைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, வண்டி ரிப்பேருக்கு வந்தியா, எனக்குப் பரீட்சை வைக்க வந்தியா?" என்றார்.

ஹாரனையும் கதவையும் அன்றே சரிசெய்தார். ஏ.சி.க்குக் காற்று வடிகட்டுகிற ஃபில்டரைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். சருகும் முடியும் கறுப்பு அழுக்குமாக இருந்தது. "பாத்துக்க. எலி உள்ள குடும்பமே நடத்திட்டுப் போயிருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் அந்தக் காற்றைத்தானே என் பெண் சுவாசித்தாள் என்று நினைத்து, அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புது ஃபில்டர் போட்டு, உள்ளே மருந்து அடித்து, மூக்கை வைத்துப் பார்க்கச் சொன்னார். வாடை போயிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொருள் கைக்கு வந்துவிட்டால் அதை அழகுபடுத்தாமல் இருக்க முடியுமா? சீட் கவர் மாற்றினோம். பின்னால் பார்க்க கேமரா வைத்தோம். அடுத்ததாக என் கண் சக்கரத்தில் விழுந்தது. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே இரும்பெல்லாம் துரு. நானே கறுப்பு பெயின்ட் அடித்துக்கொள்கிறேன் என்றேன். மெக்கானிக், "அடிச்சுக்க, யாரு வேணான்னா? ஆனா வீல மாட்டுனப்புறம் இங்க ஒரு தபா வந்து காட்டிட்டுப் போ" என்றார். சரி என்று தலையாட்டினேன். மனதுக்குள், நட்டு பற்றி எனக்கே பாடமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தோம். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றுவது, துருவைத் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது, காய்ந்ததும் மாட்டுவது. முறுக்குவது அவர் வேலை. பொட்டு வைப்பது என் வேலை. மார்க்கர் கடையில் வாங்கியது. கம்பெனியிலிருந்து எடுத்து வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களை யாரும் அப்படிப் பிரித்துக்கொள்ளச் சொல்லவில்லை. கை தானாக அப்படிப் போனது. சக்கரத்துக்கு நான்கு நட்டு. மூன்று சக்கரம் முடிந்து பன்னிரண்டு பொட்டு வைத்தாயிற்று. "கல்யாணப் பொண்ணு மாதிரி பண்ணிட்டியே" என்று அவர் கிண்டல் செய்தார்.

கடைசியாக முன்பக்க இடது சக்கரம். அவர் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நான்கு நட்டையும் கையால் திருகி வைத்தார். ஸ்பானரை எடுக்கக் குனியும்போது உள்ளே பெண் இருமினாள். பெயின்ட் வாடை அவளுக்கு ஆகாதென்று கதவைச் சாத்தி வைத்திருந்தோம். அவர் ஸ்பானரைக் கீழேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். அவர் ஓடியதைப் பார்க்காத நான், வண்டிக்கு அந்தப் பக்கம் பெயின்ட் டப்பாவை மூடிவிட்டு வந்தேன். நட்டு நான்கும் இடத்தில் இருந்தன. கையில் மார்க்கர் இருந்தது. வைத்தேன் நான்கு பொட்டு. அவர் திரும்பி வந்து, "ஒண்ணும் இல்ல, தண்ணி குடிச்சதும் நின்னுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைப் பார்த்தார். பொட்டு இருந்தது. ஜாக்கியை இறக்கினார். ஸ்பானரைத் துடைத்து டிக்கியில் போட்டார்.

அந்த நான்கு நட்டிலும் ஸ்பானர் படவே இல்லை. இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்று எங்கள் இருவருக்கும் அது தெரியாது. துரு போன சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்று டீ குடித்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு வருவது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அவர் என் பக்கத்தில், பெண் பின்னால். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் போகிற ரோட்டில் ஏறியதுமே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட அந்த ரோட்டில் கன்டெய்னர் ஓய்வதில்லை. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள லாரி ஒன்று பக்கத்தில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், அது கடந்த பிறகுதான் விடுவேன்.

பாதி வழியில் முன்னால் எங்கோ ஒரு சத்தம். மெதுவாக, விட்டுவிட்டு.

"ஏங்க, கேக்குதா?"

"இன்னாது?"

"கட்டு கட்டுனு வருது."

"டிக்கில ஜாக்கி ஆடுது. நேத்து ஒழுங்கா வெக்கல. நீ ரோட்டப் பாரு."

கோயில் வாசலில் நிறுத்தியதும் முதல் வேலையாக வண்டியைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தேன். கறுப்பு இரும்பின் மேல் பதினாறு மஞ்சள் பொட்டு பளிச்சென்று இருந்தது. அப்பாடா என்று இருந்தது. சக்கரம் ஓ.கே. அப்படியென்றால் சத்தம் வேறெங்கிருந்தோ வருகிறது, நாளைக்கு மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று சக்கரத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டேன். கையை வைத்து ஆட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பொட்டு வைத்த நட்டைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஐயர் முகப்பில் சந்தனம் வைத்து மாலை போட்டார். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்னால் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இடது பக்கம் 'டக்' என்று கேட்டது. பழம் நசுங்கிய சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஐயர் தேங்காய் உடைத்தார். கற்பூரத் தட்டை வண்டியைச் சுற்றிக் காட்டியபோது காற்று எங்கள் பக்கம் அடித்தது. பெண் இரண்டு தடவை இருமினாள். எனக்கு அந்த இருமல் தெரியும். ஆரம்பத்தில் சும்மா தொண்டைக் கரகரப்பு மாதிரித்தான் இருக்கும்.

கிளம்பி ரோட்டுக்கு வருவதற்குள் இழுப்பு ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் பின் சீட்டுக்கு மாறி அவளைச் சாய்த்துக்கொண்டு, வீசிங் மருந்து பம்ப்பை வாயில் வைத்து அடித்தார். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்து மறுபடி வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. "போ, போ, ஆஸ்பத்திரிக்கே போயிடு" என்றார். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். அதுவரை அந்த வண்டியை நான் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை.

வேகம் கூடக்கூட அந்தச் சத்தமும் கூடியது. கட்டு, கட்டு என்று விட்டுவிட்டு வந்தது கடகடவென்று ஓயாமல் வந்தது. ஸ்டியரிங் என் கையில் நடுங்கியது. முதலில் என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். கெட்டியாகப் பிடித்தேன், அப்போதும் நிற்கவில்லை. பிரேக்கைத் தொட்டால் வண்டி இடது பக்கம் இழுத்தது. பின்னாலே ஒரு கன்டெய்னர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நின்றால் என் பெண்ணுக்கு மூச்சு. நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. முருகா, முருகா என்று வாய் தானாகச் சொன்னது. என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு நான் பயந்தது இல்லை. பைக்கில் அந்த மழையில்கூட இல்லை.

"மா... வந்துட்டமா?" என்று பெண் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"வந்துட்டோம் கண்ணு, தோ வந்துட்டோம்."

"நிறுத்தாத, நேரா போ" என்றார் அவர்.

அப்போது ஸ்டியரிங்கில் ஒரு வெறுமை வந்தது. திருப்பினேன், ஒரு கணம் வண்டி திரும்பவில்லை. அடுத்த கணம் திரும்பியது. அந்த ஒரு கணம் போதும் எனக்கு. இண்டிகேட்டர் போட்டு, ஒரு கம்பெனி மதில் ஓரமாக மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டேன்.

"இன்னா பண்ற நீ? கொழந்தைக்கு முடியலடி!" அவர் கத்தினார். கல்யாணமாகி என்னை அவர் 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

இறங்கி ஓடினேன். முன் இடது சக்கரம். மூன்று பொட்டுதான் தெரிந்தது. நான்காவது இடத்தில் வெறும் போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, மிச்சமிருந்த ஒரு நட்டின் மேல் விரலை வைத்தேன். விரலோடு அது சுற்றியது. பொட்டும் சேர்ந்து சுற்றியது. என் கையால், நேராக, நடுவில், அழகாக வைத்த பொட்டு.

கூப்பிட்டேனா, கத்தினேனா தெரியாது. அவர் இறங்கி வந்து பார்த்தார். டிக்கியைத் திறந்து ஸ்பானரையும் ஜாக்கியையும் எடுத்தார். நான் பின் சீட்டில் ஏறிப் பெண்ணை இறக்கிவிடலாம் என்று தூக்கினேன். அவளால் நிற்க முடியவில்லை. மதில் நிழலில் உட்கார்ந்து மடியில் சாய்த்துக்கொண்டு மறுபடி பம்ப் அடித்தேன். அவள் விலா ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு லாரி போகும்போதும் முகத்தில் மணல் அடித்தது. என் முந்தானையால் அவள் மூக்கை மூடினேன். அவர் மூன்று நட்டையும் முறுக்கிவிட்டு, ஜாக்கியை இறக்கி, ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்து மறுபடி முறுக்கினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்குமோ என்னவோ.

அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை ரோட்டின் ஓரத்திலேயே மெதுவாகப் போனேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டிவிட்டுப் போனார்கள்.

அவளுக்கு மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். இரண்டாவது முறை வைத்த பிறகு கழுத்துக் குழி அமைதியானது. "இன்னும் லேட் பண்ணியிருந்தா அட்மிட் பண்ண வேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர். அவள் தூங்கிய பிறகு வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் கை முழுக்கக் கிரீஸ்.

"நீ மார்க் வெச்சிருந்த. அதான், டைட் பண்ணியாச்சுன்னு நான் எறக்கிட்டேன்" என்றார்.

"நீங்க நட்டு மாட்டியிருந்தீங்க. முறுக்கிட்டீங்கன்னுதான் நான் மார்க் வெச்சேன்."

சண்டை போட இருவருக்கும் தெம்பு இல்லை. அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எழுந்துபோய், அவள் மூச்சு சீராக வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மெக்கானிக் வீட்டுக்கே வந்து நான்காவது நட்டைப் போட்டு, மற்ற பதினைந்தையும் முறுக்கிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இத்த வெளிய சொல்லாத, சிரிப்பாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு பெயின்ட் தின்னரில் துணியை நனைத்து எல்லாப் பொட்டையும் துடைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். லைன் ஓட ஆரம்பித்தது. எனக்கு முந்தைய ஸ்டேஷனில் முறுக்குகிறவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என்னை விட நாலைந்து வயது சின்னவள், மூன்று வருடமாக என் பக்கத்தில் நிற்கிறாள். முதல் பீஸ் என் முன்னால் வந்தது. நான்கு நட்டு. மார்க்கரைத் திறந்தேன், கை போகவில்லை.

"எல்லாம் முறுக்கிட்டியா?" என்று கேட்டேன். மூன்று வருடத்தில் அவளிடம் நான் இதைக் கேட்டதே இல்லை.

அவள் சிரித்தாள். "என்னக்கா புதுசா கேக்கிய? முறுக்கத்தான செய்தேன். அப்படியே ஒண்ணு ரெண்டு விட்டுப்போனாலும் நீங்க பாத்துத்தான மார்க் வைப்பிய? அந்த தைரியத்துலல்லா நான் நிக்கேன்."

பத்து வருடமாக நான் எதையும் பார்த்தது இல்லை. நட்டு இருந்தால் பொட்டு வைத்தேன், அவ்வளவுதான். முந்தைய ஸ்டேஷன் முறுக்கியிருக்கும் என்ற தைரியத்தில் நான் நின்றேன். நான் பார்த்துத்தான் பொட்டு வைப்பேன் என்ற தைரியத்தில் அவள் நின்றாள். அந்தப் பாகங்கள் எந்தெந்த வண்டியில், எந்தெந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன? பின் சீட்டில் யாருடைய பிள்ளை? ஞாயிற்றுக்கிழமை வந்த அதே பயம் மறுபடி வந்தது.

இரண்டாவது பீஸ் வந்தது. மூன்றாவது வந்தது. என் தலைக்கு மேலே, லைனை நிறுத்துகிற மஞ்சள் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை இழுத்ததே கிடையாது. அன்று இழுத்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாமா ஆச்சு? எது என்.ஜி.?"

"தெரியல சார்" என்றேன். "அது தெரியாததாலதான் நிறுத்தினேன்."